பிடித்த கை

சைரன் அலறியபோது ஞானம்மா ஆலை கேன்டீனில் சாம்பார் அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தாள். அது சாப்பாட்டு நேரத்துச் சைரன் அல்ல. விட்டு விட்டு அடித்தது.

ஐந்தாவது நிமிடம் எச்.ஆர். மேனேஜர் அன்புசெல்வன் ஓடி வந்தார். தினமும் காலையில் கேட் போர்டில் ‘உயிரிழப்பு இல்லாத நாட்கள்’ எண்ணைத் தன் கையால் மாற்றி எழுதிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய்விடுகிற மனிதர். கேன்டீன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வந்த வேகத்தில் ஞானம்மாவின் காலில் விழப் போனார்.

“ஐயோ, இன்னா சார் இது?”

“கிரேன்ல இருந்து கம்பிக்கட்டு அறுந்து மணிகண்டன் மேல விழுந்துடுச்சும்மா. மூச்சு நின்னுபோச்சு. நீதான் மனசு வைக்கணும்.”

ஞானம்மா இரண்டடி பின்வாங்கினாள். “அதெல்லாம் என்னால ஆவாது சார்.”

“உன் வீட்டுக்காரர் ஜோசப்பை, செத்த பின்னாடியும் மூணு மணி நேரம் பேச வெச்சியாமே? ஊரே சொல்லுது.”

ஊர் சொன்னது நிஜம். உடம்பின் சூடு ஆறுவதற்குள் செத்தவரின் கையை அவள் பிடித்தால், போன உயிர் திரும்பும். பிடியை விட்டால் போய்விடும். எந்த டாக்டராலும் அதை மாற்ற முடியாது.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. உயிரோடு சேர்ந்து வலியும் திரும்பும். “உட்டுடு ஞானம், கையை உட்டுடு” என்று கடைசி ஒரு மணி நேரமும் ஜோசப் கெஞ்சினார். அவரை அடக்கம் செய்த அன்றே, இனி யாரையும் தொடுவதில்லை என்று சர்ச்சில் மண்டியிட்டுச் சத்தியம் செய்தாள்.

“அந்த வேதனை உங்களுக்குத் தெரியாது சார். செத்தவனை எழுப்பி மறுபடியும் நசுக்கச் சொல்றீங்க.”

அன்புசெல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவங்கம்மா கவரைப்பேட்டையில இருந்து வந்துகினு இருக்காங்க. ஒத்தப் புள்ள. ஒரு வார்த்தை பேசட்டும்மா. பொணமாவா பார்க்கணும் அந்தம்மா?”

ஞானம்மா தட்டில் எடுத்து வைத்திருந்த இரண்டு வடையைப் பார்த்தாள். ‘யக்கா, மதியம் எனக்கு ரெண்டு வடை எடுத்து வை. எங்கம்மா கட்டிக் குடுக்கிற புளிசோத்தை மனுசன் துன்ன முடியாது’ என்று காலையில்தான் மணிகண்டன் சிரித்துவிட்டுப் போனான்.

“வாங்க சார்” என்றாள்.

கிரேனுக்கு அடியில் மணிகண்டனை மார்புக்குக் கீழே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஞானம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பற்றினாள். விரல்கள் துடித்தன. அடுத்த நொடி அவன் போட்ட கூச்சலில், சுற்றி நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“எரியுது யக்கா... முடியல யக்கா!”

“பொறுத்துக்கடா கண்ணு. அம்மா வருது.”

“வேன்ல ஏத்துங்க, சீக்கிரம்!” அன்புசெல்வன் விரட்டினார்.

“வேன் எதுக்கு சார்? அம்மாதான் இங்க வருதே?”

“அதுவரைக்கும் தாங்குவானா? கேட்டாண்டயே பார்க்கட்டும்மா.”

பிடித்த கையை விடாமல் அவளும் ஏறினாள். கேட்டில் வேன் நின்றது. அன்புசெல்வன் தலையை வெளியே நீட்டினார்.

“சுப்பிரமணி, ஆள் கண் முழிச்சிருக்கான், பேசறான், நல்லா பாத்துக்கோ. வண்டி வெளிய போற டைமை நோட்டுல எழுது.”

செக்யூரிட்டி சுப்பிரமணி உள்ளே எட்டிப் பார்த்தான். “நல்லா இருப்பேடா மணி” என்று சொல்லிக்கொண்டே எழுதினான்.

வேன் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது, எதிர்ப்புறம் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மணிகண்டனின் அம்மா மணியம்மாள் செருப்பில்லாமல் இறங்கி ஓடி வந்தாள். “டேய் மணீ!”

“அம்மா!” அவன் தலையைத் தூக்கப் பார்த்தான்.

வேன் நிற்கவில்லை. வேகமெடுத்தது. பின்கண்ணாடியில் மணியம்மாள் ஓடிக்கொண்டே சின்னதாகிப் போனாள்.

“சார்! அம்மா அங்க ஓடியாருது! வண்டியை நிறுத்தச் சொல்லுங்க சார்!”

அன்புசெல்வன் போனில் இருந்தார். “வெளிய வந்துட்டோம் சார். ஆமா, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான்.” போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஞானம்மா பக்கம் திரும்பினார்.

“கேட்டைத் தாண்டியாச்சும்மா. கையை உட்டுடு.”