ஆப்பிரிக்க வார்டு

"ரெக்கார்டுல ஓடிப்போனவர்னு போட்டிருக்கே, பெரியவரே?"

ஓய்வுபெற்ற மேஜர் சுயம்புலிங்கம் பழுப்பேறிய தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். 1986. ஸ்ரீவில்லிபுத்தூரில் முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர் முகாம். எதிரே பேச்சிமுத்து விறைப்பாக நின்றார். பக்கத்தில் மகள் வெள்ளத்தாய். இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை. அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள்.

"நான் ஓடலைய்யா. நாப்பத்தொரு வருசமா இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"அப்போ அந்த மூணு மாசம் எங்கே இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. பர்மாச் சண்டையில தாடையில குண்டு பாஞ்சிருச்சு. தலையிலருந்து கழுத்து வரைக்கும் கட்டு. உடம்புல சட்டையும் இல்ல, கழுத்துல கிடந்த நம்பர் வில்லையும் இல்ல. அங்க வெள்ளைக்காரனுக்கு ஒரு வார்டு, இந்தியனுக்கு ஒரு வார்டு, ஆப்பிரிக்காக்காரனுக்கு ஒரு வார்டு. என் கை நிறத்தைப் பாத்துட்டு ஆப்பிரிக்கா வார்டுல கொண்டுபோய்ப் போட்டுட்டாவ."

மேஜர் அந்தக் கையைப் பார்த்தார். கருங்காலிக் கட்டை போலிருந்தது.

"ஒரு வார்த்தை பேசியிருந்தா தெரிஞ்சிருக்குமே?"

"நாக்கை அசைக்க முடியலைய்யா. மூணு மாசம் கழிச்சுக் கட்டைப் பிரிக்கயில, வலி தாங்காம 'அம்மா'ன்னு முனகிட்டேன். டாக்டர் தலையில கை வச்சுக்கிட்டாரு. அதுக்குள்ள எங்க பட்டாளக் கம்பெனியில என்னைய ஓடிப்போனவன்னு எழுதி முடிச்சிருந்தாவ."

வெள்ளத்தாய் ஆஸ்பத்திரிச் சீட்டை மேசையில் வைத்தாள். "ஓடிப்போனவன் மகள்னு சொல்லியே எனக்கு வந்த ரெண்டு சம்பந்தம் தட்டிப் போச்சு சார். பென்சன்கூட வேண்டாம். அந்த ஒரு வார்த்தைய எடுத்தாப் போதும்."

சீட்டிலிருந்த தேதிகள் பொருந்தின. மேஜர் பரிந்துரையை எழுதி, உரக்கப் படித்தார். "'பேச முடியாத நிலையிலிருந்த, எழுத்தறியாத இவர், ஆள் அடையாளம் தெரியாமல் தவறான வார்டில் சேர்க்கப்பட்டார்.' போதுமா? கைநாட்டு வையுங்க. நீக்கிடலாம்."

மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

பேச்சிமுத்து அதை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அப்பா, வேண்டாம்ப்பா," என்றாள் வெள்ளத்தாய் தணிந்த குரலில்.

அவர் 'எழுத்தறியாத' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். கீழே நிதானமாகக் கையெழுத்திட்டார்.

மேஜரின் முகம் மாறியது. "எழுதத் தெரியுமா? அப்போ ஆஸ்பத்திரியிலயே எழுதிக் காட்டியிருக்கலாமே?"

"காட்டினேன்யா. மூணாம் நாளே நர்ஸம்மாவுக்குச் சந்தேகம் வந்துருச்சு. பென்சிலைக் குடுத்து, நீ இந்தியனான்னு கேட்டாவ. இல்லைன்னு இங்கிலீசுல எழுதினேன்."

வெள்ளத்தாய் கண்களை மூடிக்கொண்டாள்.

"இதைச் சேர்த்தா ஓடிப்போனவர்ங்கிற வார்த்தை அப்படியே நின்னுடும், பெரியவரே."

"நிக்கட்டும்யா. பொய் சொல்லி எடுக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்க."

"இந்தியன் இல்லைன்னு ஏன் எழுதினீங்க?"

"எங்க கம்பெனியில சாதியைக் கேட்டு, எனக்குன்னு தனித் தம்ளர் வச்சிருந்தாவ. அந்த வார்டுல, பக்கத்துக் கட்டில் ஆப்பிரிக்காக்காரன் தான் குடிச்சுக்கிட்டிருந்த தம்ளரையே என் வாயில வச்சான்."