தொண்டையில் ஒரு மரு

"பொண்ணு பேசவே மாட்டாங்களா?" பெண் பார்க்க வந்த றோலண்டின் தாய் கேட்டாள்.

"ரொம்ப அடக்கமுங்க" என்றாள் மார்கிரட் அவசரமாக.

மகள் இசபெல்லின் தொண்டையிலிருந்த மருவைக் கண்டி ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. "வைரஸ் கிருமியால வந்தது. இப்ப புற்று இல்ல. சிலருக்குப் பின்னால மாறலாம், அதனால வந்து காட்டிக்கிட்டே இருக்கணும். இப்போதைக்குப் பேசவே கூடாது" என்று டொக்டர் சொல்லியிருந்தார். 'புற்று' என்ற சொல் வெளியே போனால் கலியாணம் நின்றுவிடுமென்று மார்கிரட் பயந்தாள்.

"எனக்குப் புடிச்சிருக்குங்க" என்றான் றோலண்ட்.

இசபெல்லுக்குப் பொய் பொறுக்கவில்லை. தாய் முறைத்தும் கேளாமல் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மார்கிரட் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

றோலண்ட் சிரித்தான். "தெரியுங்கம்மா. அந்த ஆபரேசன் தியேட்டர்லதான் எனக்கு வேலை. மூஞ்சிய மூடியிருந்ததால இவங்களுக்கு அடையாளம் தெரியல. மயக்க மருந்து குடுக்கப் போனப்ப, 'கோயில்ல பாடுற கொரலு, கெடுத்தீங்கன்னா சும்மா விடமாட்டேன்'னு கரகரத்த கொரல்ல டொக்டரையே மெரட்டுனாங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன், கட்டுனா இவங்களத்தான்னு!"

இசபெல் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.