சோத்தாங்கை

பக்கவாதம் வந்த பன்னிரண்டாம் நாள் தைலம்மையின் மூக்குக் குழாயை எடுத்திருந்தோம். ஐந்து கரண்டி கெட்டிக் கஞ்சியை இருமாமல் விழுங்கினால் இனி வாயால் சாப்பிடலாம். இருமினால் மீண்டும் குழாய்தான். விழுங்கப் பயிற்சி கொடுக்கும் நான் ஊட்டப் போனதும் அவர் வாயை இறுக்கிக்கொண்டார்.

“நீ எனக்கு ஊட்டுவியா? நாப்பது வருசம் ஊருக்கே இட்லி அவிச்சுப் போட்டவ நான்.”

“சரிம்மா, இடது கையால நீங்களே சாப்பிடுங்க.”

“கழுவுற கையாலயா? சோத்தாங்கை எதுக்குடி இருக்கு?”

செயலற்றுக் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகக் கரண்டியைச் சுற்றி மடக்கினார். கை பாதிக்கு மேல் உயரவில்லை. தலைதான் கரண்டியை நோக்கித் தாழ்ந்தது. கஞ்சி மடியில் சிந்தியது. நான் தடுத்திருக்க வேண்டுமோ என்னவோ. ஆனால் இப்படித் தாடையைத் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொல்லித்தான் மூன்று நாளாக மன்றாடிக்கொண்டிருந்தேன். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை.

தொண்டையில் ஏதும் தங்கியிருந்தால் குரல் கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிடும். “ஒரு ‘ஆ’ சொல்லுங்கம்மா” என்றேன்.

“உப்பே இல்ல. யாருடி காய்ச்சினது?” என்று தெளிவாகக் கேட்டுவிட்டு, அடுத்த கரண்டிக்காக அந்தக் கையை மறுபடி தூக்கினார்.