பெட்டி நகர்ந்தால்

டக்... டக்... டக்...

இருட்டத் தொடங்கியிருந்தது. கணவருக்கு இரவு டியூட்டி. ஹாலில் யாரும் இல்லை, ஆனால் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

என் லேப்டாப். திரையில் நான் செய்து வைத்த பெட்டி, யாரும் தொடாமலே ஜுரம் வந்ததுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னது, பேயா?" என்றார் நாத்தனார், அடுக்களையிலிருந்து.

"இல்லை அண்ணி, என் புரோகிராம்."

"அதுக்குப் பேயே தேவலை."

பெட்டியை இழுத்துவிட்டால் 'டக்' என்று ஒலித்து, கோட்டுக்கு நேராகப் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான். இது உட்காராமல் ஆடியது. பிரசவ விடுப்பு முடிந்து சேர்ந்த முதல் வாரம். "காலையில ஓடலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் சொல்லியாகிவிட்டது.

விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். தொட்டிலில் போட்ட மகள் அழுதாள். ஓடினேன். தூங்கினாள். திரும்பினேன். அழுதாள். மறுபடி ஓடினேன்.

"குடு அவளை."

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, நாத்தனார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். உள்ளே வீறிட்ட அழுகை. கதவைத் தட்டினேன்.

"திறங்க அண்ணி! அழறாளே!"

"திறக்க மாட்டேன்."

"உங்களுக்கு மனசே இல்லையா?"

"இல்லைன்னே வெச்சுக்கோ. அவ அழுதா நீ ஓடி வர்றே. நீ ஓடி வர்ற சத்தத்துல அவ அழறா. இது என்னிக்குத்தான் முடியும்? யாராவது ஒருத்தர் காதைப் பொத்திக்கணுமா இல்லையா?"

தட்டிய கை அப்படியே நின்றது.

பெட்டி நகர்ந்தால் நேராக்கு என்று எழுதியிருந்தேன். நேராக்குவதும் நகர்த்துவதுதானே! அந்த நகர்வையும் புரோகிராம் கேட்டுவிட்டு மறுபடி நேராக்கி, அதையும் கேட்டு...

ஓசைப்படாமல் போய் ஒரு வரி சேர்த்தேன். நீயே நகர்த்தும்போது காதைப் பொத்திக்கொள்.

இழுத்தேன். ஒரே ஒரு 'டக்'. சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது.

அறையிலும் சத்தமில்லை. கதவில் கை வைத்ததும் அது திறந்துகொண்டது! தோளில் தூங்கும் மகளோடு நாத்தனார் கதவோரமே நின்றிருந்தார்.

"தாழ்ப்பாளே போடலையா அண்ணி?"

"தாங்க முடியலேன்னா நீ தள்ளிட்டு வரணுமில்லே?" என்றார் மெல்ல. "ஆச்சா?"

"ஒண்ணு உட்கார்ந்துடுச்சு. இன்னும் பாக்கி இருக்கு."

"போய் முடி. இனிமே தாங்குவே."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.