மூன்றாவது ஃபேன்

மூடியைக் கழற்றியதும் உள்ளே அந்தப் பச்சை ஒயர் தெரிந்தது. நான் சால்டர் வைத்த ஒயர்.

"என்ன பெட்டிம்மா இது? ஏதாவது புரியுதா?" என்று கேட்டார் லேப் பொறுப்பாளர்.

"தெரியலை சார்," என்றேன்.

கல்லூரி லேபில் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்து வைத்திருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் போன வாரம் உயிரை விட்டது. புதியது கேட்டு எழுதிய கடிதம் எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியவில்லை. நாளைக் காலை செய்முறைத் தேர்வு.

பொறுப்பாளர் மாற்று ஸ்விட்ச் தேடிப் பழைய சாமான் கிடங்குக்குப் போனார். அங்கே இருந்த நல்ல நல்ல பெட்டிகளை எல்லாம் விட்டுவிட்டு, பெயரும் இல்லாத, எண்ணும் இல்லாத இந்த மொட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முன்பு எங்கோ செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாராம். கடைக்காரர் கண்ணுக்கு இதுதான் பட்டது போல, வேறென்ன சொல்ல.

பெயர் எப்படி இருக்கும்? இது விற்பனைக்கு வருவதற்கு முன்பே எங்கள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வெள்ளோட்டம் பார்ப்பதற்காக நாங்கள் செய்த சில பெட்டிகளில் இது ஒன்று; சாமான்களை ஏலம் விட்டபோது இங்கே வந்திருக்க வேண்டும். செய்த குழுவுக்கு நான்தான் தலைவி.

அதை இங்கே மூச்சு விட முடியாது.

கம்பெனி போனபின் நான் ஏறி இறங்கிய இடத்தில் எல்லாம், இவ்வளவு பெரிய வேலை பார்த்தவர் இங்கே நிலைக்க மாட்டார் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் அத்தனை வருட அனுபவத்தையும் அழித்துவிட்டு, இல்லத்தரசி என்று எழுதிக் கொடுத்தேன். உடனே லேப் உதவியாளர் வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரர் முதுகு வலியில் படுத்ததிலிருந்து வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் நான் ஒருத்திதான். இதே கல்லூரியில், விண்ணப்பத்தில் எதையோ மறைத்தார் என்று ஸ்டோர் கீப்பரை நிர்வாகம் வேலையை விட்டே அனுப்பியது. அவருடைய நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

அதனால் நடித்தேன்.

இணையத்தில் தேடுவது போலத் தேடி, ஒன்றும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கினேன். பெட்டியின் பவர் சப்ளை செத்திருந்தது. லேபின் பழைய ஸ்விட்சிலிருந்து ஒன்றைக் கழற்றி, ஒயர்களை மாற்றி மாட்டினேன். அது மட்டும் நிஜ வேலை. பிறகு லேப்டாப்பை இணைத்தேன். எந்த வேகத்தில் பேசினால் இந்தப் பெட்டி பதில் சொல்லும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருந்தாலும் தவறான வேகங்களையே வைத்து வைத்துப் பார்த்தேன். திரையில் குப்பை குப்பையாக எழுத்துகள் வந்தன.

தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டுவது சுலபம். தெரிந்ததைத் தெரியாத மாதிரி காட்டுவதில் மனுஷி ஓய்ந்துபோகிறாள்.

போதும் என்று தோன்றியதும் சரியான வேகத்தை வைத்தேன். திரையில் எழுத்துகள் ஒழுங்காக வந்தன. ஃபேன்கள் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவது மட்டும் கடகடவென்று அடித்துக்கொண்டது. பொறுப்பாளர் அந்தப் பக்கம் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

அந்தக் காலத்திலும் அது அப்படித்தான். வேறொரு ஊர்க் கிளையில் இருந்த சோதனைப் பொறியாளர் ஒருவர் அந்த ஃபேனைப் பற்றி விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. எதை அனுப்பினாலும் ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்புவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஏழரை. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் இந்தப் பெட்டிகளுக்குப் பாஸ்வேர்டாகவே அந்தப் பெயரை வைத்தோம். ஒவ்வொரு முறையும் அவரே அதை அடித்துத்தான் உள்ளே போக வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இப்போது திரையில் பாஸ்வேர்ட் கேட்டது.

அடித்தால் திறந்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்டால் என் வேலை போய்விடும். அடிக்காவிட்டால் நாளைக்குத் தேர்வு நடக்காது. வேண்டுமென்றே தப்பாக எதையெதையோ அடித்து, தலையைச் சொறிந்தேன்.

பொறுப்பாளர் பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தினார். பெட்டியின் முகப்பில் இருந்த சின்னத் துளைக்கு அதைக் கொண்டுபோனார்.

"உள்ள இருக்கிற பட்டனை அமுக்குனா பாஸ்வேர்ட் அழிஞ்சிரும்ல?"

மற்ற பெட்டிகளில் பாஸ்வேர்ட் மட்டும்தான் அழியும். இதில் மென்பொருளே மொத்தமாக அழிந்துவிடும். அதைச் சரிசெய்வதற்குள் எங்களை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். திரும்ப ஏற்றுவதற்கு இன்னொரு பிரதி உலகத்தில் எங்கேயும் கிடையாது.

"ஐயோ, அமுக்காதீங்க சார்!"

கத்தியது மட்டுமல்ல, அவர் கையையும் பிடித்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கப் போகிறார். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று மனசு அதற்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டது. பயமாக இருந்தது.

அவர் கேட்கவில்லை. கிளிப்பை மேசைமேல் வைத்தார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். விசைகளைப் பார்க்காமலே ஏதோ அடித்தார்.

பெட்டி திறந்துகொண்டது.

ஃபேன் கடகடத்தது.

செல்போன் ரிப்பேர் கடைக்காரர் எழுந்துபோய் லேப் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மூணாவது ஃபேனை மாத்துங்க, மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் மெதுவாக. "யாரு கேட்டீங்க?"