திரையில்லாத விளையாட்டு

இருபது வருஷமாக வீடியோ விளையாட்டுக் கருவிச் சந்தையில் முதலிடத்தில் இருந்த நிறுவனம் அந்த ஆண்டு இரண்டாமிடத்துக்கு இறங்கியது. போட்டி நிறுவனத்தின் புதுக் கருவிக்குத் திரையே கிடையாது. காற்றைத் தொட்டால் விளையாட்டு கைக்குத் தட்டுப்படும்.

"அதை வடிவமைச்சது யாரு? எப்படியாவது இங்க கூட்டிட்டு வாங்க," என்றார் முதலாளி.

"வர மாட்டா சார். அவ என் பொண்ணு கார்குழலி," என்றார் விற்பனைத் தலைவர் தணிகாசலம். "இந்தக் கருவியோட முதல்ல நம்மகிட்டதான் வந்தா. கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் இதை வாங்கப்போறாங்கன்னு கேட்டு நாமதான் திருப்பி அனுப்பிட்டோம்."

தணிகாசலத்தின் குரலில் தோற்றவரின் வருத்தம் துளியும் இல்லை.

வீட்டில், பிறவியிலேயே பார்வையில்லாத அவர் மனைவி மரகதம் காற்றில் கைவீசிப் பந்தாடிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "நான் ஜெயிச்சிட்டிருக்கேன்."