எந்த வரிசை?

"என் மகனோட ரத்தத்தைத் தாராளமா எடுத்துக்குங்க. ஆனா குழாயை நோயில்லாதவங்க வரிசையில வையுங்க" என்றார் பெரியவர், குரலைத் தாழ்த்தி.

ஆய்வுக்கூட மேசையில் இரண்டு வரிசைகளாகக் குழாய்கள் நின்றன. ஒன்று மனச்சிதைவு நோய் உள்ளவர்களுடையது. மற்றது இல்லாதவர்களுடையது.

"மாத்தி வச்சா ஆராய்ச்சியே பாழாயிடும் ஐயா" என்றார் டாக்டரம்மா.

"வைக்கலேன்னா என் குடும்ப மானம் பாழாயிடும். எங்க வம்சத்து ரத்தம் அந்த வரிசையில நிக்கிறதா?"

"குழாயில பேரே கிடையாது, நம்பர்தான்."

"நம்பர் எனக்குத் தெரியுமே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி எல்லார் உடம்புக்குள்ளயும் ஒரு சேதம் ஓயாம நடக்குது ஐயா. அதைத் தடுக்கிற காவல் சத்துகள் ரத்தத்துல இருக்கு. இந்த நோய் உள்ளவங்களுக்கு அந்தக் காவல் குறையுதான்னு அளந்து பாக்கிறோம்."

பெரியவரின் கண்கள் விரிந்தன. "அப்போ இது எங்க வளர்ப்போட குத்தம் இல்லையா?"

"இல்லவே இல்லை."

அவர் மறுபடி விறைத்துக்கொண்டார். "நீங்க சுலபமா சொல்லிடுவீங்க. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்."

டாக்டரம்மா நோயாளிகள் வரிசையின் முதல் குழாயைத் தொட்டுக் காட்டினார்.

"இது என்னோடது. பதினாறு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன்."

யார் வந்தாலும் இருக்கையை விட்டு அசையாத பெரியவர் எழுந்து நின்றார். பிறகு கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி மகனை அழைத்தார்.

"உள்ள வாப்பா! டாக்டரம்மாவுக்குப் பக்கத்துலயே உனக்கு இடம் இருக்கு!"